சிறுவர் பாடலில் மறைந்திருந்த பெயர்கள்: டொனி மொரிஸனின் நாவலும் கறுப்பினப் பெண்களின் நினைவு மரபும்

அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலத்தில் ஷலிமார் என்றொரு கற்பனைக் கிராமம். அங்கே சிறுவர்கள் வட்டமாக நின்று பாடி விளையாடுகிறார்கள். மிச்சிகனிலிருந்து தங்கம் தேடி வந்த இளைஞன் ஒருவன் அதனைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். பொருளற்ற ஒலிக்கோவை என்று அவன் முதலில் அலட்சியம் செய்த பாடல், தன் பாட்டனாரையும் அவருடைய தந்தையையும் பற்றியது என்பது மெல்ல மெல்லப் புலப்படுகிறது. எழுதிக்கொள்ளக் கையில் எழுதுகோல் இல்லை. ஆகவே அவன் அதனைக் கேட்டுக் கேட்டு மனனம் செய்கிறான். டொனி மொரிஸன் 1977இல் வெளியிட்ட 'சோங் ஒஃப் சொலமன்' (சொலமனின் பாடல்) நாவலின் திருப்புமுனை இக்காட்சியே.

அந்தப் பாடலில் சொலமன், ரைனா என்ற பெயர்களை அடுத்துப் பெலாலி, ஷலூட், யாரூபா, மதீனா, முஹம்மெத் ஆகிய பெயர்கள் வருகின்றன. 'ஸராகா' என்றொரு பண்டத்தின் பெயரும் வருகிறது. முஸ்லிம் வாசகர் ஒருவர் இவ்விடத்தில் சற்று நின்றுவிடுவார். கத்தோலிக்கராகிய ஓர் ஆபிரிக்க அமெரிக்கப் பெண் எழுத்தாளரின் நாவலில், அடிமைச் சந்ததியினரின் குழந்தைகள் வாயில், மதீனாவும் முஹம்மதும் எவ்வாறு வந்தன? அவை ஓசைக்காகச் சேர்க்கப்பட்டவையா? அவற்றின் மீது நமக்கு ஏதேனும் உரிமை உண்டா? இக்கேள்விகளுக்கு விடை காண்பதும், அந்த விடை நம்மிடம் எதனைக் கோருகிறது என்பதைச் சிந்திப்பதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

கையெழுத்துப் பிரதியும் வாய்மொழியும்

ஜோர்ஜியா மாநிலக் கரையோரத்தில் சப்பெலோ என்ற தீவு உள்ளது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோமஸ் ஸ்போல்டிங் என்ற பெருந்தோட்ட உரிமையாளர் அங்கு கொண்டுவந்த அடிமைகளுள் ஒருவர் பிலாலி முஹம்மத். இன்றைய கினி நாட்டின் ஃபூத்தா ஜல்லோன் பிரதேசத்தைச் சேர்ந்தவர். இளமையிலேயே சிறைபிடிக்கப்பட்டு விற்கப்பட்டவர். தொழுகையையும் நோன்பையும் இறுதிவரை கைவிடாதவர். 1850களில் மரணித்த அவர் 13 பக்கங்கள் கொண்ட ஓர் அரபுக் கையெழுத்துப் பிரதியை விட்டுச்சென்றார்.

அப்பிரதியின் கதை வருத்தத்திற்குரியது. பிரான்சிஸ் கோல்டிங் என்ற வெள்ளையின எழுத்தாளரிடம் அது கையளிக்கப்பட்டது. பல்லாண்டுகள் அது ஒரு தோட்டக் கங்காணியின் நாட்குறிப்பு என்றே கருதப்பட்டது. மொழியியலாளர் ஜோசப் கிரீன்பர்க் அதன் பிரதியொன்றை நைஜீரியாவின் கானோ நகர உலமாக்களிடம் காட்டி ஆராய்ந்து, 1940இல் தமது முடிவை வெளியிட்டார். அது நாட்குறிப்பன்று, 10ஆம் நூற்றாண்டின் மாலிக்கி மத்ஹப் அறிஞர் இப்னு அபீ ஸைத் அல்கைரவானியின் 'ரிஸாலா'வைத் தழுவிய ஃபிக்ஹ் குறிப்பு. வுழூவும் அதானும் தொழுகையும் பற்றி, இளமையில் கற்றவற்றை ஓர் அடிமை நினைவிலிருந்து மீட்டு எழுதியிருந்தார். அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பது 1829இல் ஜோர்ஜியாவில் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது என்பதையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும். எழுதத் தெரிந்தவரைச் சுற்றி, எழுதியதை வாசிக்கக்கூடிய ஒரு சமூகம் உருவாவதற்கு அந்நாட்டில் வழி இருக்கவில்லை.

அதே 1940ஆம் ஆண்டில் மற்றொரு நூலும் வெளிவந்தது. பொருளாதாரப் பெருமந்த காலத்தில் மத்திய அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தின் கீழ் ஜோர்ஜியக் கரையோரக் கறுப்பின முதியோரிடம் திரட்டப்பட்ட வாய்மொழித் தகவல்களின் தொகுப்பு அது. பெயர், 'ட்ரம்ஸ் அன்ட் ஷெடோஸ்' (முரசுகளும் நிழல்களும்). அதில் சப்பெலோ தீவின் கேட்டி பிரவுண் என்ற மூதாட்டி தம் மூதாதை பிலாலியின் ஏழு பெண்மக்களின் பெயர்களையும் சொல்கிறார்: மார்கரெட், பெந்து, ஷாலூட், மதீனா, யாரூபா, ஃபாத்திமா, ஹெஸ்டா. பிலாலியும் அவர் மனைவி ஃபீபியும் நேரம் தவறாது மணிமாலையைக் கையிலேந்தித் தொழுததையும் அவர் நினைவுகூர்கிறார். அதே தீவின் ஷாட் ஹோல், தம் பாட்டி ஹெஸ்டா மாவையும் தேனையும் சேர்த்துத் தட்டையான பணியாரம் செய்ததைச் சொல்கிறார். பிள்ளைகளை மேசையைச் சுற்றி நிறுத்தி, 'ஆமீன்' என்று சொல்லியவாறு பாட்டி அதனைப் பகிர்ந்தளிப்பாராம். அப்பணியாரத்தின் பெயர்தான் 'ஸராகா'.

மேற்கு ஆபிரிக்க முஸ்லிம்களின் நாவில் 'ஸதகா' என்ற அரபுச் சொல் 'ஸராகா' என வழங்குகிறது. அங்கு பெண்கள் அரிசிமாப் பண்டம் செய்து பிள்ளைகளுக்குப் பகிரும் வழக்கத்தையே இத்தீவின் பெண்களும் தொடர்ந்தனர் என 1998இல் வெளிவந்த தமது ஆய்வு நூலில் சில்வியான் தியூஃப் விளக்குகிறார். உண்ட பிள்ளைகளுக்கு அது ஒரு பணியாரத்தின் பெயராகவே தெரிந்தது. கொடுத்த பாட்டிக்கோ அது இபாதத். சொந்தமென எதுவும் இல்லாத, தன் உடலும் தனக்குச் சொந்தமில்லாத ஒருத்தி, தன் பங்கு உணவிலிருந்து தர்மம் செய்கிறாள் என்பதன் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். கொடுப்பவர் ஒருபோதும் வெறும் உடைமைப் பொருளாக இருக்க முடியாது.

ஆக, ஒரே ஆண்டில் இரு சான்றுகள் வெளிச்சத்துக்கு வந்தன. ஆண் எழுதிய பிரதி காக்கப்பட்டது. ஆனால் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு அது சரியாக வாசிக்கப்படவில்லை. பெண்கள் எழுதவில்லை, ஆனால் அவர்கள் கொடுத்தது பேரப்பிள்ளைகளின் நாவில் இருந்தது, பொருள் மங்கிய நிலையிலும். இவ்விரண்டாவது சான்றையே மொரிஸனின் நாவல் கையில் எடுக்கிறது. பாடலில் உள்ள பெயர்களையும் அத்தொகுப்பில் உள்ள பெயர்களையும் ஒப்பிடும் எவரும் இத்தொடர்பை மறுக்க இயலாது. அடிமைகள் சிறகின்றிப் பறந்து ஆபிரிக்காவுக்குத் திரும்பினர் என்ற கதையும் அத்தொகுப்பில் திரும்பத் திரும்ப வருகிறது. அதுவே நாவலின் மையப் படிமமுமாகும்.

பெயர் என்னும் கலைப்பொருள்

1931இல் ஓஹையோ மாநிலத்தின் லொரெய்ன் நகரில் பிறந்த மொரிஸன் 1993இல் நோபல் பரிசு பெற்று, 2019இல் மறைந்தார். நாவலாசிரியராகப் புகழ்பெறும் முன்னரே அவர் ஒரு பெரும் பதிப்பகத்தின் ஆசிரியராக இருந்தவர். கறுப்பின மக்களின் புகைப்படங்கள், அடிமை விற்பனை அறிவிப்புகள், பாடல்கள் முதலியவற்றைத் திரட்டிய 'த பிளாக் புக்' 1974இல் அவரது முயற்சியால் வெளிவந்தது. குத்துச்சண்டை வீரர் முஹம்மத் அலியின் சுயசரிதையை 1975இல் பதிப்பித்தவரும் அவரே. தன் பெயரைத் தானே தெரிவுசெய்துகொண்ட, அதற்காக ஏளனத்தைச் சந்தித்த ஒரு முஸ்லிமின் நூலைச் செப்பனிட்டவர், இரண்டாண்டுகளின் பின் பெயர்களைப் பற்றியே ஒரு நாவலை வெளியிட்டார் என்பது கவனத்திற்குரியது.

நாவலின் கதாநாயகனது குடும்பப் பெயர் 'டெட்', அதாவது 'இறந்தவர்'. விடுதலைக்குப் பின் அடிமைகளைப் பதிவுசெய்த குடிபோதை அலுவலர் ஒருவர் தவறான கட்டத்தில் தவறான சொல்லை எழுதியதால் வந்த பெயர் அது. அரச ஆவணம் ஓர் உயிருள்ள குடும்பத்தை இறந்தவர்களாக்கியது. மறுபுறம், கதாநாயகனின் அத்தை பைலட்டின் பெயரும் உள்ளது. அவளுடைய தந்தை எழுத்தறியாதவர். பைபிளைத் திறந்து கண்ணில் பட்ட சொல்லைத் தெரிவுசெய்து, எழுத்துகளின் வடிவத்தைப் பார்த்து வரைந்து கொடுத்தார். அத்தாளை அவள் ஒரு சிறிய பித்தளைப் பெட்டியில் அடைத்துக் காதணியாக அணிந்திருக்கிறாள். வாசிக்கத் தெரியாதவர் எழுதிய பெயரைக் காதில் சுமக்கும் பெண்ணும், வாசிக்கப்படாத 13 பக்கங்களை விட்டுச்சென்ற சப்பெலோவின் பிலாலியும் ஒரே துயரத்தின் இரு முகங்கள்.

இந்நாவலில் மற்றோர் உரையாடலும் உண்டு. கதாநாயகன் மில்க்மேன், தீவிர இன உணர்வு கொண்ட நண்பன் கிட்டாரைக் கேலி செய்கிறான்: செந்நிற முடிகொண்ட அந்த 'எக்ஸ்' உடன் சேர்ந்து நீயும் 'எக்ஸ்' எனப் பெயர் வைத்துக்கொள்ளலாமே என்கிறான். சுட்டப்படுபவர் மல்கம் எக்ஸ் என்பது வெளிப்படை. அடிமைப் பெயர் தன்னை வருத்துவதில்லை, அடிமை நிலையே வருத்துகிறது என்ற கருத்தில் கிட்டார் பதிலளிக்கிறான். 'எக்ஸ்' என்பது பறிக்கப்பட்ட, இனி அறிய முடியாத பெயரின் குறியீடு. நேஷன் ஒஃப் இஸ்லாம் இயக்கம் 1930இல் தோன்றிய டெட்ரொயிட் மிச்சிகன் மாநிலத்தில்தான் உள்ளது; 1931இல் தொடங்கும் இந்நாவலின் களமும் மிச்சிகனின் ஒரு நகரமே. வடக்கில் மில்க்மேன் வேடிக்கையாகப் பேசிய அந்த எக்ஸை, தெற்கில் சிறுவர்களின் பாடல் நிரப்பிவிடுகிறது. அறிய முடியாதது எனக் கருதப்பட்ட பெயர் அங்கே பாடப்பட்டுக்கொண்டேயிருக்கிறது. அந்தப் பெயர்களுள் ஒன்று முஹம்மெத்.

இதனை மொரிஸன் எங்கும் விளக்கவில்லை. அதுவே அவரது கலை. வெள்ளையின வாசகருக்குத் தம் மக்களை விளக்கிக்கொண்டிருப்பதை அவர் மறுத்தவர். 1984இல் எழுதிய கட்டுரையொன்றில், கறுப்பினப் புனைவில் மூதாதை ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்பதையே அவர் முக்கிய அளவுகோலாக வைத்தார். மூதாதையின் குரல் விளக்கவுரையாக வருவதில்லை. பாட்டாக, சமையலாக, பழக்கமாக வருகிறது. பாடலைத் திரும்பத் திரும்பக் கேட்டு மனனம் செய்த பின்னரே மில்க்மேனுக்கு அது திறந்துகொள்கிறது. ஹிஃப்ழ் மரபை அறிந்த நமக்கு இவ்வரிசை புதிதன்று: முதலில் நாவில் தங்குகிறது, பொருள் பிறகு வருகிறது.

பறந்தவனும் தங்கியவளும்

எனினும் இந்நாவலை மூதாதையின் வெற்றிக் கதையாக மட்டும் வாசிப்பது குறைபாடான வாசிப்பாகும். சொலமன் பறந்துவிட்டான். மனைவி ரைனாவையும் 21 பிள்ளைகளையும் விட்டுவிட்டே பறந்தான். ரைனா அழுது அழுது சித்தம் கலங்கினாள். அவளது அழுகை இன்றும் ஒரு பள்ளத்தாக்கில் காற்றாகக் கேட்பதாக ஊரார் கூறுகின்றனர். விடுதலையை ஆணின் பறத்தலாகக் கொண்டாடும் மரபை மொரிஸன் கொண்டாடிக்கொண்டே கேள்விக்குட்படுத்துகிறார்: பறந்தவனின் பிள்ளைகளுக்குச் சோறூட்டியது யார்?

இக்கேள்வியை அவர் இன்னொரு பாத்திரத்தின் மூலம் கூர்மையாக்குகிறார். பைலட்டின் பேத்தியின் பெயர் ஹேகர். அல்லாஹ்வின் தூதர் இப்ராஹீம் (அலை) அவர்களின் துணைவி ஹாஜரா (அலை) அவர்களை பைபிள் அழைக்கும் பெயர் அது. மில்க்மேன் பல்லாண்டுகள் அவளோடு வாழ்ந்து, சலித்தபின் ஒரு நன்றிக் கடிதமும் பணமும் வைத்து விலகுகிறான். அவனுக்குப் பிடித்தது மென்மையான கூந்தலும் வெளிர் நிறமுமே என நம்பும் அவள், அலங்காரப் பொருள்களை வாங்கிக் குவித்து, மழையில் நனைந்து, காய்ச்சலில் இறந்துபோகிறாள். நிறவெறி ஒரு கறுப்பினப் பெண்ணின் கண்ணாடிக்குள்ளும் புகுந்து அவளைக் கொல்லும் விதத்தை மொரிஸன் தமது முதல் நாவலாகிய 'த புளூவெஸ்ட் ஐ'யிலேயே (1970) எழுதியிருந்தார். இங்கு அது காதலின் பெயரால் நிகழ்கிறது.

பைபிள் மரபில் ஹேகர் விரட்டப்பட்ட அடிமைப் பெண். கறுப்பினக் கிறிஸ்தவப் பெண் இறையியலாளர் டெலோரஸ் வில்லியம்ஸ் 1993இல் வெளியிட்ட நூலில், அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணின் வரலாற்றையே ஹேகரின் வரலாறாக வாசித்தார். இஸ்லாமிய மரபிலோ அவர் பாலைவனத்தில் கைவிடப்பட்டவராக முடிந்துவிடுவதில்லை. அவரது ஓட்டம் ஸயீயாகி, ஹஜ்ஜும் உம்ராவும் செய்யும் ஒவ்வோர் ஆணின் கால்களிலும் கடமையாக இறங்கியுள்ளது. ஆபிரிக்க அமெரிக்க முஸ்லிம் அறிஞர் ஆமினா வதூத் 2006இல் வெளியிட்ட நூலில் ஒரு கசப்பான கேள்வியை முன்வைக்கிறார். ஹாஜராவின் ஓட்டத்தைச் சடங்காகப் போற்றும் முஸ்லிம் சமூகம், தனித்துப் பிள்ளை வளர்க்கும் தாயைத் தன் சட்டச் சிந்தனையில் எங்கே வைத்துள்ளது என்பதே அதன் சாரம். அவரது ஏனைய நிலைப்பாடுகளில் உடன்படாதோரும் இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. மொரிஸனின் ஹேகருக்கு ஸம்ஸம் பீறிடவில்லை. அவளைச் சூழ்ந்திருந்த சமூகம் அவளுக்குத் தந்தது இரங்கற்பாட்டு மட்டுமே.

தேடிச் சென்ற மகள்மார்

மூதாதையின் குரலைத் தேடிய பெண்கள் வரிசையில் மொரிஸன் தனித்து நிற்பவரல்லர். சோரா நீல் ஹேர்ஸ்டன், அடிமைக் கப்பலில் கடத்திவரப்பட்டு இறுதிவரை எஞ்சியிருந்தோருள் ஒருவரான கொசோலாவை 1927-28 காலப்பகுதியில் சந்தித்து அவரது கதையைக் கேட்டெழுதினார். அவரது பேச்சுமொழியைத் திருத்தி எழுத வேண்டும் என்ற கோரிக்கைக்கு ஹேர்ஸ்டன் இணங்கவில்லை. 'பராகூன்' என்ற அந்நூல் 2018இலேயே அச்சேறியது. ஹேர்ஸ்டன் 1960இல் வறுமையில் இறந்து, பெயர்க்கல்லற்ற புதைகுழியில் அடக்கப்பட்டார். 1973இல் அலிஸ் வோக்கர் அந்த இடத்தைத் தேடிச் சென்று கல் நாட்டினார். எழுத வாய்ப்பற்ற தாய்மாரின் கலை அவர்களது தோட்டத்திலும் ஒட்டுத்துணிப் போர்வையிலும் வெளிப்பட்டது என்று வோக்கர் 1974இல் எழுதிய கட்டுரை, ஸராகாப் பணியாரத்துக்கும் பொருந்தும்.

கவிஞர் சோனியா சான்செஸின் அனுபவம் நம்மை இன்னும் நெருக்கமாகத் தொடுகிறது. 1972இல் நேஷன் ஒஃப் இஸ்லாமில் இணைந்த அவர், 1975இல் விலகினார். கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தன்மானமும் ஒழுக்கமும் ஊட்டிய அவ்வியக்கத்தை மதித்தவர்; அங்கு பெண்களுக்கு விதிக்கப்பட்ட இரண்டாந்தர இடத்தை ஏற்க இயலாதவர். அதே 1975இல் இலைஜா முஹம்மதின் மறைவுக்குப் பின் அவரது மகன் வாரிதுத்தீன் முஹம்மத் அவ்வமைப்பை அஹ்லுஸ் ஸுன்னாவின் பக்கம் திருப்பி, ஆபிரிக்க அமெரிக்கர்களைப் 'பிலாலியர்' என அழைத்தார். இயக்கத்தின் பத்திரிகையும் 'பிலாலியன் நியூஸ்' ஆயிற்று. சுட்டப்பட்டவர் நபி (ஸல்) அவர்களின் முஅத்தின் பிலால் இப்னு ரபாஹ் (ரழி). இரண்டாண்டுகளின் பின் மொரிஸனின் நாவலில் மற்றொரு பிலாலி சிறுவர் பாடலில் எழுந்தார். பள்ளிவாசலும் நாவலும் ஒன்றையொன்று நோக்காமலே ஒரே பெயரை வந்தடைந்தன.

நமது வாசிப்பின் இரு பொறிகள்

இத்தகைய செய்திகளைக் கேட்டதும், 'மொரிஸன் இஸ்லாத்தை எழுதினார்' என முழங்குவது முதற் பொறி. நாவலில் முஸ்லிம் பாத்திரம் ஒன்றேனும் இல்லை. மதீனா என்ற பெயர் எந்நகரைச் சுட்டுகிறது என்பதைப் பாடும் பிள்ளைகள் அறியார், மில்க்மேனும் அறியான், நாவலும் அதனைத் தேடவில்லை. மில்க்மேன் தன் குடும்பத்தைக் கண்டடைகிறான். அக்குடும்பம் எந்தக் கிப்லாவை நோக்கித் தொழுதது என்பது அவனது கேள்வியாகவில்லை. இதனை நாவலின் எல்லை எனக் குறிப்பிடுவதில் தவறில்லை. ஆனால் அந்த மௌனமும் வரலாற்றுக்கு உண்மையானதே. சப்பெலோவின் கோர்னீலியா பெய்லி 2000இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகள் இதற்குச் சான்று. பிலாலியின் வழித்தோன்றலான அவர் கிறிஸ்தவர். கிழக்கு நோக்கி வேண்டுதல் செய்யும் வழக்கம் தீவில் நீடித்ததை அவர் பதிவுசெய்கிறார். திசை எஞ்சியிருந்தது, கலிமா எஞ்சவில்லை.

இரண்டாவது பொறி இதனினும் ஆபத்தானது. எழுதத் தெரிந்த, கண்ணியமான முஸ்லிம் அடிமைகளை ஏனைய கறுப்பரினும் மேலானோராக நிறுத்துவது. இது வெள்ளையர் கட்டிய ஏணி. 'அங்கிள் ரீமஸ்' கதைகளின் ஆசிரியர் ஜோயல் சாண்ட்லர் ஹரிஸ் 1896இல் பென் அலியின் மகனைப் பற்றி எழுதிய சிறுவர் நூலில் அவனை அரபு வமிசத்தவனாக்கினார். எழுத்தறிவுக்கும் கறுப்பு நிறத்துக்கும் ஒத்துவராது என்ற எண்ணமே அதன் அடியில் இருந்தது. அமெரிக்க இலக்கியத்தில் கறுப்பரின் நிழலைக் கொண்டே வெள்ளையரின் சுயபிம்பம் தீட்டப்பட்டது என மொரிஸன் 1992இல் 'பிளேயிங் இன் த டார்க்' நூலில் காட்டியது இதனையே.

அந்த ஏணியில் பிலாலியும் ஒரு படி ஏறி நின்றவர் என்பதை நாம் மறைக்கலாகாது. அவர் ஸ்போல்டிங்கின் தோட்டத்தில் நூற்றுக்கணக்கான அடிமைகளை மேற்பார்வை செய்தவர். 1812ஆம் ஆண்டு யுத்தத்தின்போது தீவைக் காக்க ஆயுதம் வழங்கப்பட்ட வேளையில், மெய்யான மார்க்கத்தாருக்கே தாம் பொறுப்பேற்பதாகக் கூறி ஏனைய அடிமைகளை அவர் இழிசொல்லால் குறித்ததாகப் பதிவுகள் கூறுகின்றன. அவரது தாயகமாகிய ஃபூத்தா ஜல்லோனின் முஸ்லிம் ஆட்சியாளர்களும் அடிமை வியாபாரத்தில் பங்குகொண்டோரே. ஒருவரை அவரது தாயைச் சொல்லி இழித்த அபூதர் (ரழி) அவர்களிடம், உம்மிடம் இன்னும் ஜாஹிலிய்யத் எஞ்சியிருக்கிறது எனும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். அந்த அளவுகோல் சப்பெலோவுக்கும் பொருந்தும், ஃபூத்தா ஜல்லோனுக்கும் பொருந்தும், இதை வாசிக்கும் நமக்கும் பொருந்தும்.

ஆகவே, பாடலில் உள்ள பெயர்களின் மீது நமக்குள்ள உரிமை என்ன? பெருமை கொள்ளும் உரிமையைவிட, கடன்பட்டிருக்கும் உரிமையே மிகுதி. மனிதரைக் கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்று அல்குர்ஆன் (49:13) கூறுகிறது. அறிந்துகொள்ளுதல் பெயரை அறிவதில் தொடங்குகிறது. பிலாலியின் பெயரை நூலகம் காத்தது. பெந்து, ஷாலூட், மதீனா, யாரூபா, ஃபாத்திமா ஆகியோரின் பெயர்களைக் காத்தவர்கள் ஒரு மூதாட்டியும், அவர் சொன்னதை வீணாக விடாத ஒரு நாவலாசிரியரும். நமது சமூகத்தின் வரலாற்று நூல்களைத் திறந்து பார்ப்போம். உலமாக்களின் பெயர்கள் உண்டு. வணிகரின் பெயர்கள் உண்டு. பள்ளிவாசல் கட்டியோரின் பெயர்கள் உண்டு. பிள்ளைகளை அருகழைத்து, கையில் ஒரு பண்டத்தை வைத்து, 'ஆமீன்' சொல்லக் கற்றுக்கொடுத்த பாட்டிமாரின் பெயர்கள் எத்தனை உள்ளன? அவற்றை இன்னும் நினைவில் வைத்திருக்கும் மூதாட்டிகள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டெழுத வேண்டும்.